புதுச் சவரக்கத்தி: முதல் சவரத்துக்கு முன் தீட்ட வேண்டுமா?

பெட்டியைப் பிரித்து, எண்ணெய்த் தாளை விலக்கி, புது மடக்குச் சவரக்கத்தியைக் கையில் எடுக்கும்போது, அதன் பளபளப்பே கூர்மைக்குச் சாட்சி என்று தோன்றிவிடுகிறது. ராயபுரத்தில் எங்கள் வீட்டுக் கண்ணாடிக்கு முன்னால் நின்று நானும் அப்படியே நம்பி, சோப்பு நுரையைத் தடவிக் கன்னத்தில் கத்தியை வைத்தேன். மயிர் அறுபடவில்லை, வேரோடு பிடுங்குவதுபோல் இழுத்தது. இரண்டு நாள் எரிச்சல் தணிந்த பிறகு, பழைய வண்ணாரப்பேட்டையில் சலூன் வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் அதைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் டியூப் லைட்டுக்கு நேராகக் கத்தியைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "காய் நறுக்குற கூரு தம்பி, தாடிக்கு ஆவாது" என்றார்.

ஆகவே கேள்விக்கு என் விடை இதுதான்: விற்பவர் அந்தக் கத்தியைத் தாமே கல்லில் தீட்டி, சவரத்துக்குத் தயார் என்று தெளிவாகச் சொல்லியிருந்தால் தீட்ட வேண்டாம், அப்படிச் சொல்லாத கத்தியைத் தீட்டாத கத்தி என்றே கொள்ள வேண்டும். தொழிற்சாலையிலிருந்து வரும் கருக்கு, அதாவது வெட்டும் வாய், பெரும்பாலும் ஒரு தொடக்கம் மட்டுமே. கடைசிக் கட்டத் தீட்டல் பொறுமையான கைவேலை என்பதால், பலர் அதை வாங்குபவரிடமே விட்டுவிடுகிறார்கள். கத்தியில் பொறித்திருக்கும் ஊர்ப்பெயரை இதற்கு ஆதாரமாகக் கொள்ளக் கூடாது. கத்திக்குப் பேர்போன ஜெர்மனியின் சோலிங்கன் என்ற ஊரின் பெயரைச் சட்டம் 1938 முதல் காத்துவருவது உண்மைதான். ஆனால் அந்தப் பெயர் கத்தி எங்கே செய்யப்பட்டது என்பதைச் சொல்லுமே தவிர, அதன் வாய் எவ்வளவு கூர் என்பதைச் சொல்லாது.

முதல் படி: சோதித்துப் பாருங்கள்

எண்ணெயை மெல்லிய துணியால், முதுகிலிருந்து வாய்ப்பக்கமாகத் துடைத்தெடுங்கள். பிறகு விளக்கின் கீழ், கத்தியின் வாய் உங்களை நோக்கியிருக்குமாறு பிடித்துப் பாருங்கள். கூரான வாய் ஒளியைத் திருப்பாது. வெள்ளைக் கோடோ புள்ளியோ மின்னினால் அந்த இடம் மொண்ணை, அல்லது அங்கே சிறு பல் விழுந்திருக்கிறது.

அடுத்து, தலைக்குக் குளித்து உலர்ந்த பின் கிடைக்கும் ஒரு மயிரை நுனி தொங்குமாறு விரல்களில் பிடித்து, பிடித்த இடத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளிக் கத்தியின் வாயில் மெல்ல இறக்குங்கள். அழுத்தாமலே அது இரண்டாகி விழ வேண்டும். கைப்பிடிப் பக்கம், நடு, நுனி என மூன்று இடங்களிலும் இதைச் செய்ய வேண்டும்; நடுவில் வெட்டிவிட்டு நுனியில் வழுக்கும் புதுக்கத்திகளே அதிகம். காகிதத்தை அறுத்துப் பார்க்காதீர்கள், அது இருக்கும் கூரையும் கெடுத்துவிடும்.

இரண்டாம் படி: யாரிடம் கொடுப்பது?

தெருவில் சாணை பிடிப்பவரிடம் கொடுக்க வேண்டாம். அரிவாளுக்கும் அருவாமணைக்கும் அவர் கை சரியான கை. ஆனால் பொறி பறக்கும் அந்தச் சக்கரத்தின் சூட்டில், தாளைப்போல் மெலிந்த சவரக்கத்தியின் வாய் ஒரு நொடியில் பதம் இழந்துவிடும். எஃகின் சூடு ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே அதன் கடினம் குறையத் தொடங்குகிறது. அப்படி இளகிய வாயை எந்தக் கல்லும் மீட்காது.

இன்றைய சலூன்களில் பிளேடைப் பாதியாக ஒடித்துச் செருகும் கத்தியே புழங்குவதால், தீட்டும் கல்லும், தீட்டிய வாயை இழுத்துப் பதமாக்கும் தோல் வாரும் வைத்திருப்பவர்கள் அருகிவிட்டார்கள். பழைய கடைகளில் வயதானவர்களை விசாரித்துப் பாருங்கள். கிடைக்காவிட்டால், கையால் தீட்டித் தரும் விற்பனையாளரிடமிருந்து வாங்குவதே மேல். தானே தீட்டப் பழகுவது நல்லதுதான். ஆனால் முதல் கத்தியில் அல்ல. சவரமும் புதிது, தீட்டலும் புதிது என்றால், கன்னம் எரியும்போது குற்றம் கையிலா கல்லிலா என்று உங்களால் கண்டுபிடிக்கவே முடியாது. சரியான கூர் தோலில் எப்படி உணரப்படும் என்பதை ஒருமுறை அறிந்தவருக்குத்தான் எதை நோக்கித் தீட்டுகிறோம் என்பது விளங்கும்.

மூன்றாம் படி: தீட்டல் நடக்கும் விதம்

பிறர் தீட்டினாலும் இதை அறிந்திருப்பது நல்லது. சமையலறைக் கத்தியைத் தீட்டும்போது சாய்வை நாம் கையால் காக்க வேண்டும். சவரக்கத்தியிலோ முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படிந்திருக்க, முதுகின் தடிப்பே ஏறத்தாழ 17 பாகைக் கோணத்தைத் தந்துவிடுகிறது. ஆகவே முதுகைத் தூக்கவே கூடாது. சமமாக்கிய, நீர் தெளித்த கல்லில், வாய் முன்னே செல்லுமாறு, கத்தியின் எடைக்கு மேல் அழுத்தம் தராமல் தள்ளி, முனையில் முதுகின்மேல் புரட்டித் திரும்ப வேண்டும். வாயின் சாய்வே சரியாக அமையாத கத்திக்கு மட்டும் 1000 எண் கல் தேவை (எண் கூடக் கூடக் கல் மென்மையாகும்). ஒழுங்காகச் செய்யப்பட்ட புதுக்கத்திக்கு 4000, 8000, கடைசியாக 12000 என்ற வரிசை பெரும்பாலும் போதும்.

நான்காம் படி: தோல் வார்

வாரில் திசை நேர்மாறு: முதுகு முன்னே, வாய் பின்னே. வாய் முன்னே போனால் வார் வெட்டுப்படும், கத்தியும் மழுங்கும். தீட்டி வந்த கத்தியை முதல் சவரத்துக்கு முன் வாரில் இடாமல் விடுங்கள், பழகாத கை அதன் கருக்கை மடக்கிவிடும். அடுத்த சவரத்திலிருந்து, வாரை விறைப்பாகப் பிடித்து, 40 முதல் 50 முறை நிதானமாக இழுத்தால் போதும்.

ஐந்தாம் படி: முதல் சவரம்

நம் பக்கத்து ஆழ்குழாய் நீர் பல தெருக்களில் உப்பாக இருப்பதால் நுரை தளதளவென்று எழும்பாது. வறண்ட நுரையில் நல்ல கத்தியும் இழுக்கும். கத்தியைக் குறை சொல்லும் முன், கேன் தண்ணீரில் ஒருமுறை நுரை எழுப்பிப் பாருங்கள். முதல் நாள் கன்னங்கள் மட்டும் போதும். தோலை இறுக இழுத்துப் பிடித்து, 30 பாகைச் சாய்வில், மயிர் வளரும் திசையிலேயே இறக்குங்கள். நல்ல நுரையிலும் இழுத்தால் அங்கேயே நிறுத்திவிட்டு, கத்தியை மீண்டும் கல்லுக்கு அனுப்புங்கள்.

சவரம் முடிந்ததும் ஈரத்தைத் துடைத்து, ஒரு மணி நேரம் மடக்காமல் காற்றாட வைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டுத் தடவி, குளியலறையில் அல்லாமல் பீரோவுக்குள் வையுங்கள். காசிமேட்டுப் பக்கத்துக் கடற்காற்றுக்குக் கார்பன் எஃகைத் துருப்பிடிக்க வைக்க ஓர் இரவு போதும், அந்தத் துரு முதலில் தின்பது கருக்கைத்தான்.