கடல் கடந்த படைவீரருக்குக் கடிதம் எழுதும்போது

வெளிநாட்டில் பணியாற்றும் அமெரிக்கப் படைவீரருக்குக் கடிதம் எழுதும் இளம் மனைவியோ கணவரோ, ஒவ்வொரு கடிதத்தின் தலைப்பிலும் தேதியுடன் வரிசை எண்ணையும் குறிப்பது நல்லது. இராணுவத் தபால் எப்போதும் எழுதிய வரிசையிலேயே போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. 14-ஆம் கடிதத்தில் சமாதானமாகிவிட்ட சண்டை, பிந்தி வரும் 12-ஆம் கடிதத்தில் மறுபடியும் மூண்டுவிடும்.

முகவரியில் பெயர், படைப்பிரிவு, இராணுவத் தபால் நிலைய எண் ஆகியவை இருக்க வேண்டும். அவர் இருக்கும் நாட்டின் பெயரை எழுதினால், கடிதம் அந்நாட்டுத் தபாலுக்குள் போய் மாட்டிக்கொள்ளக்கூடும். அமெரிக்காவிலிருந்து அனுப்புவோருக்கு உள்நாட்டுக் கட்டணமே பொருந்தும்.

"நலம், நலமறிய ஆவல்" என்பதோடு நிறுத்தாமல், சமையலறைக் குழாய் இன்னும் சொட்டுவதையும், அவருடைய சட்டையை நீங்கள் போட்டுக்கொண்டு திரிவதையும் எழுதுங்கள்; வீட்டை நேரில் பார்ப்பதுபோல் இருக்கும். உதட்டுச்சாய முத்தத்தையும் தாராளமாகப் பதிக்கலாம். இரண்டாம் உலகப் போரில், 1942-இல் தொடங்கிய 'வி-மெயில்' முறையில் கடிதங்களை நுண்படமெடுத்து அனுப்பியபோது, அந்தச் சாயம் இயந்திரத்தில் ஒட்டிக்கொண்டு பெரும் தொல்லை தந்ததாம். இன்று உறைக்குள் போவது நீங்கள் எழுதிய அதே தாள்தான்.