ஐ.எஸ்.பி.என். எண்ணைக் கொடுத்து நூல் விவரம் பெறுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊர் நூலகத்துக்கோ சொந்தச் சேகரிப்புக்கோ தரவுத்தளம் அமைப்பவர்கள் பலரும், பின்னட்டையிலுள்ள ஐ.எஸ்.பி.என். என்ற சர்வதேச நூல் அடையாள எண்ணைக் கொடுத்துக் கூகுள் புக்ஸ், ஓப்பன் லைப்ரரி போன்ற தளங்களிலிருந்து தலைப்பு, ஆசிரியர், பதிப்பாண்டு ஆகியவற்றைத் தானாகவே பெற்றுக்கொள்கிறார்கள். இதில் நேரும் கோளாறுகளில் பல, தளத்தை அணுகுவதற்கு முன்பே, அந்த எண்ணைச் சேமித்துவைக்கும் விதத்திலேயே தொடங்கிவிடுகின்றன.

ஐ.எஸ்.பி.என். பெயரளவில்தான் எண். அதை எக்செல் தாளில் எண்ணாகவே இட்டால், 0306406152 என்பது முதலிலுள்ள பூஜ்யத்தை இழந்து ஒன்பது இலக்கமாகச் சுருங்கும். எக்ஸ் என்ற எழுத்தில் முடியும் பழைய எண்களைத் தரவுத்தளத்தின் எண் புலம் (எண்களை மட்டும் ஏற்கும் கட்டம்) ஏற்கவே ஏற்காது. எழுத்துப் புலமாக வைத்தால் இரண்டு தொல்லையும் இல்லை.

2007 ஜனவரி 1 முதல் 13 இலக்க முறை நடப்புக்கு வந்தது. பழைய 10 இலக்க எண்ணின் முன்னால் 978 சேர்த்தால் போதும் என்று எண்ணுவோர் இன்றும் உண்டு. மேற்சொன்ன எண்ணை அப்படி மாற்றினால் 9780306406152 என்று ஆகும். அது செல்லாத எண். முதல் 12 இலக்கங்களை வரிசையாக 1, 3 என மாறி மாறிப் பெருக்கிக் கூட்டினால் 93 வருகிறது. பத்தின் அடுத்த மடங்கான 100-ஐ எட்ட இன்னும் 7 வேண்டும் என்பதால், கடைசி இலக்கம் 2 அன்று, 7. தேடுவதற்கு முன் இந்தக் கணக்கைச் செய்து பார்க்கும் நிரல், தட்டச்சுப் பிழைகளில் பெரும்பாலானவற்றை அங்கேயே பிடித்துவிடும்.

எண் சரியாக இருந்தாலும் விடை சரியாக இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. ஒரே எண்ணை இரண்டு நூல்களில் அச்சிட்டுவிடும் பதிப்பகங்கள் உண்டு. ஆகவே, வந்த தலைப்பைக் கையிலுள்ள அட்டையோடு ஒப்பிடாமல் சேமிக்கக் கூடாது.

தமிழ் நூல்களில் இன்னும் இரண்டு சிக்கல்கள் சேர்கின்றன. முன்னெழுத்தோடு எழுதும் நம் பெயர்களைக் குடும்பப்பெயர் முறைக்குள் திணிக்கும்போது, ஒரே ஆசிரியர் மூன்று வடிவங்களில் மூன்று பேராகப் பதிவாகிவிடுகிறார். மற்றது கண்ணுக்கே தெரியாதது: 'தொகுதி' என்ற சொல்லின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும், ஒற்றைக் கொம்பு, துணைக்கால் என இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. தேடலிலோ ஒன்று மற்றொன்றுக்குச் சிக்காமல் போகலாம். சேமிப்பதற்கு முன் தலைப்பையும், தேடுவதற்கு முன் தேடும் சொல்லையும் என்.எஃப்.சி. வடிவத்துக்கு (இத்தகைய குறிகளை ஒரே குறியீடாகச் சேர்க்கும் யூனிகோடு வடிவம்) மாற்றிவிட்டால் இது தீரும்.

எல்லாவற்றிலும் மோசமானது, மறுமுறை நிரலை ஓட்டும்போது கையால் திருத்திய பதிவுகளின் மேல் பழைய பிழையையே மீண்டும் எழுதிவிடுவதுதான். ஒவ்வொரு பதிவிலும் விவரம் எங்கிருந்து, எந்த நாளில் வந்தது என்பதையும், கையால் திருத்தப்பட்டதா என்பதையும் தனிப் புலங்களில் குறித்து, திருத்தப்பட்டவற்றை நிரல் தொடாமல் விடும்படி எழுத வேண்டும்.