சன்னல் திறந்தால் ஏசி நிற்க வேண்டும்: டர்பன் வீடுகளுக்கு ஓர் அமைப்பு முறை

தென்னாப்பிரிக்க நகரான டர்பனின் சனவரிப் புழுக்கத்தில் ஏசியை ஓடவிட்டுச் சன்னலையும் திறந்து வைத்தால், குளிர்ந்த காற்று வெளியேறுவதோடு கடற்காற்றின் ஈரமும் உள்ளே வந்து, அதை நீராக வடிப்பதிலேயே இயந்திரத்தின் உழைப்பில் பெரும்பங்கு வீணாகிவிடுகிறது. சன்னல் உணரியையும் வெப்பநிலைக் கட்டுப்பாட்டையும் குரல் உதவியோடு இணைத்து இதைத் தடுக்கலாம். ஆனால் முடிவெடுக்கும் பொறுப்பு வீட்டுக்குள் இருந்து எல்லாக் கருவிகளையும் இணைத்து இயக்கும் ஹப்பிடம்தான் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் தெர்மோஸ்டாட், அதாவது வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவி. கடைகளில் கிடைக்கும் சுவர் தெர்மோஸ்டாட்டுகள் பல, வீடு முழுவதற்கும் ஒரே வெப்பமூட்டும் அமைப்புள்ள குளிர்நாட்டு வீடுகளுக்காகச் செய்யப்பட்டவை. நம் ஸ்ப்ளிட் ஏசிக்கு அவை பொருந்தா. ரிமோட்டின் அகச்சிவப்புச் சமிக்ஞையை அனுப்பும் சிறு கருவி ஒன்றும், அறையின் வெப்பநிலையை அளக்கும் உணரி ஒன்றும் போதும். ஹோம் அசிஸ்டண்ட் போன்ற மென்பொருள் ஓடும் ஹப்பில் இவ்விரண்டையும் சேர்த்து ஒரு தெர்மோஸ்டாட்டாக அமைத்துக்கொள்ளலாம். அகச்சிவப்புச் சமிக்ஞை ஒருவழிப் பாதை என்பதால், ஆயா கைரிமோட்டை அழுத்தி ஏசியை அணைத்தது ஹப்புக்குத் தெரியாது. ரிமோட்டை அலமாரிக்குள் வைத்துவிடுவதே எளிய தீர்வு.

சன்னல் உணரி என்பது காந்தமும், அது அருகில் இருக்கிறதா என்று அறியும் ரீட் சுவிட்சும் கொண்ட இரு துண்டுகள். பழைய வீடுகளின் இரும்புச் சட்டச் சன்னல்களில் காந்தத்தின் வலிமையும் ரேடியோ அலையும் குறைந்துபோகக்கூடும் என்பதால், ஒவ்வொரு துண்டின் அடியிலும் சில மில்லிமீட்டர் கனமுள்ள மரத்துண்டையோ பிளாஸ்டிக்கையோ வைத்து ஒட்ட வேண்டும். கம்பித் தடுப்பு உட்புறம் இருந்தால், பேட்டரி மாற்றக் கை நுழையுமா என்பதை ஒட்டுவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். இத்தகைய உணரிகள் பல பயன்படுத்தும் ஸிக்பீ என்ற ரேடியோ முறையும் வைஃபையின் ஓர் அலைவரிசையும் 2.4 கிகாஹெர்ட்ஸிலேயே இயங்குவதால், ஹப்பை ரவுட்டரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள்.

விதி எளிது. சன்னல் இரண்டு நிமிடம் தொடர்ந்து திறந்திருந்தால், அப்போதைய அமைப்பைக் குறித்துக்கொண்டு ஏசியை நிறுத்த வேண்டும். மூடிய பின், கம்ப்ரசருக்கு ஓய்வு கிடைக்கும்படி மூன்று நிமிடமாவது கழித்து, முன்பு ஓடிக்கொண்டிருந்தால் மட்டும் மீண்டும் இயக்க வேண்டும்.

பலர் சறுக்கும் இடம் மின்தடைதான். மின்சாரம் போனதும் ஏசி நிற்கிறது, புழுக்கம் தாளாமல் எல்லாச் சன்னல்களையும் திறக்கிறோம். அதே நேரத்தில் உணரிகளின் செய்தியை இடையில் நின்று ஹப்புக்குக் கடத்திக்கொண்டிருந்த ஸ்மார்ட் பிளக்குகளும் செயலிழப்பதால், சன்னல் மூடியிருக்கிறது என்றே ஹப் நம்பிக்கொண்டிருக்கும். மின்சாரம் திரும்பும்போது, தானாக மீண்டும் தொடங்கும் வசதியுள்ள ஏசி திறந்த சன்னல்களுக்கு நடுவே ஓடத் தொடங்கும். எனவே ஹப்பையும் ரவுட்டரையும் சிறு யூபிஎஸ்ஸில் இணைத்து, உணரிகள் இடையில் எதுவுமின்றி ஹப்பை எட்டும்படி அதை வீட்டின் நடுவில் வைத்து, மின்சாரம் வந்ததும் சன்னல்களைச் சரிபார்த்து, ஏதேனும் ஒன்று திறந்திருந்தால் ஏசியை அணைக்கும் தனி விதி ஒன்றையும் எழுத வேண்டும். மெயின் சுவிட்சை அணைத்து இதை ஒருமுறையாவது சோதித்துப் பாருங்கள்.

குரல் உதவியை இறுதியில் இணையுங்கள். அலெக்ஸாவுக்கோ கூகுள் ஹோமுக்கோ அகச்சிவப்புக் கருவியை நேரடியாகக் காட்டினால், சன்னல் திறந்திருக்கும்போதும் குரல் கட்டளை விதியைத் தாண்டி ஏசியை இயக்கிவிடும். ஹப்பில் அமைத்த தெர்மோஸ்டாட்டையும் சன்னல் உணரிகளையும் மட்டுமே காட்டி, ஏசி இயங்கத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் சன்னல் நிலையை ஹப் பார்க்கும்படி செய்யுங்கள். ஜோகன்னஸ்பர்க்கின் குளிர்காலத்துக்கு 2000 வாட் ஹீட்டரை இதே முறையில் இணைப்பவர்கள், 16 ஆம்பியர் தாங்கும் ஸ்மார்ட் பிளக்கையே பயன்படுத்த வேண்டும். ஆளில்லாத அறையில் அதைக் குரலால் இயக்கக் கூடாது.

அறைப் பெயர்களிலும் கவனம் தேவை. வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகைக்காகச் சன்னல் திறக்கும் விளக்கறைக்கு, அதாவது பூசையறைக்கு, ‘லேம்ப் ரூம்’ என்று பெயரிட்டால், அதை மின்விளக்கு என்று எண்ணி உதவியாளர் ஏசிக்குப் பதிலாக விளக்கை அணைக்கக்கூடும். ‘பிரேயர் ரூம்’ என்று வைத்தால் இந்தக் குழப்பம் வராது.