அருங்காட்சியகத்தில் விளக்கம் சொல்லப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

கோலாலம்பூர் தேசிய அருங்காட்சியகத்துக்குத் தமிழ்ப் பள்ளி மாணவர்களோ, பணி ஓய்வு பெற்ற பெரியவர்களோ குழுவாக வரும்போது, கூடவே நடந்து விளக்கம் சொல்லும் தன்னார்வலருக்குச் சம்பளம் கிடையாது. நான்கு காட்சிக்கூடங்களையும் நின்றபடியே கடக்க வேண்டும். கலையிலும் வரலாற்றிலும் ஆசை இல்லாதவர் இதற்கு வரவே மாட்டார். பெரும்பாலான தவறுகள் பிறப்பதும் அந்த ஆசையிலிருந்துதான்.

முதலில் கடாரம், அதாவது இன்றைய கெடா. அங்குள்ள பழங்காலக் கோயில் சிதைவுகள் நிறைந்த பூஜாங் பள்ளத்தாக்கைப் பற்றிய பேச்சு வந்ததும், "அங்கே இருப்பதெல்லாம் ராஜேந்திர சோழன் கட்டிய கோயில்கள்தானே?" என்று யாராவது கேட்பார். ஆமாம் என்றால் கைதட்டல் நிச்சயம். அப்படிச் சொல்லிவிடாதீர்கள். 1025ஆம் ஆண்டுக் கடற்படையெடுப்பும், கல்வெட்டுகளில் மன்னனின் வெற்றிகளைப் புகழும் பகுதியான மெய்க்கீர்த்தியில் கடாரத்தின் பெயர் வருவதும் உண்மை. ஆனால் அந்த மெய்க்கீர்த்தி பேசுவது மன்னனைப் பிடித்ததையும் செல்வத்தைக் கவர்ந்ததையும்தான். கோயில் கட்டியதை அல்ல. அந்தப் பகுதியின் பௌத்தக் கல்வெட்டுகள் படையெடுப்புக்கு ஐந்நூறு ஆண்டுகள் மூத்தவை. 1834இல் பினாங்கின் செபராங் பிறையில் ஆங்கிலேய அதிகாரி ஜேம்ஸ் லோ கண்டெடுத்த 5ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டில் இருப்பது புத்தகுப்தன் என்ற கப்பல் தலைவனின் வேண்டுதல். அவனுடைய ஊர் வங்காளத்தைச் சேர்ந்தது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

இதைச் சொன்னால் குழுவில் சிலருக்கு முகம் வாடும். அதற்காகக் கதையை அங்கேயே நிறுத்திவிடுவதும் தவறுதான். போருக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் கடார மன்னர் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரம் எழுப்ப, ராஜராஜ சோழன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை வழங்கினான். லெய்டன் செப்பேடுகள் எனப்படும் சோழர் செப்பேடுகளில் இதற்குச் சான்று இருக்கிறது. அவ்வளவு நெருக்கமாக இருந்தவர்கள் ஏன் மோதிக்கொண்டார்கள் என்று கேட்டுப் பாருங்கள். மாணவர்கள் கைப்பேசியை உள்ளே வைத்துவிடுவார்கள்.

பார்த்த மாத்திரத்தில் பெயர் சூட்டுவது அடுத்த தவறு. பேராக்கின் பிடோரில் 1936இல் ஓர் ஈயச் சுரங்கத்தில் கிடைத்த எட்டுக் கை வெண்கலச் சிலையின் இடையில் புலித்தோல் இருக்கும். நம்மவர் பலருக்கு உடனே சிவபெருமான் நினைவு வரும். அது அவலோகிதேசுவரர், பௌத்தர்கள் வணங்கும் கருணையின் போதிசத்துவர். சடைமுடியில் அமர்ந்திருக்கும் சிறு புத்தரே அவரை அடையாளம் காட்டும் குறி. இந்த விடையை நீங்களே அவசரப்பட்டுச் சொல்லிவிடாமல், கொஞ்சம் தேட விடுங்கள். ஒரு நடைக்கு இப்படிப்பட்ட பொருள்கள் ஏழெட்டுப் போதும். எல்லாவற்றையும் காட்டியே தீருவேன் என்று கிளம்புபவரின் குழுவில் பாதிப் பேர் கடைசியில் நாற்காலி தேடிக்கொண்டிருப்பார்கள்.

காலனி ஆட்சிக் கூடத்தில் நேர்மாறான தவறு நடக்கும். கித்தா மரம், அதாவது ரப்பர் மரம், பிரேசிலிலிருந்து எப்படி வந்தது, விலை எப்படி ஏறி இறங்கியது என்று விளக்கம் சொல்பவர் மூச்சுவிடாமல் அடுக்குவார். இளம் வயதில் இருட்டோடு எழுந்து, தோட்டத்தில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய், உளியும் வாளியுமாக நிரை நிரையாகப் பால் வெட்டிய பாட்டி ஒருவர் பின்வரிசையில் பேசாமல் நின்றிருப்பார். "எந்தத் தோட்டம், பாட்டி?" என்று கேட்டால் போதும். மரத்தில் கட்டிய மங்கில் (கிண்ணத்தில்) சேர்ந்த பாலை மழை கெடுத்த நாள்களில் கூலி என்ன ஆனது என்பதை எந்த விளக்கப் பலகையையும் விட அவர் நன்றாகச் சொல்வார். அரை மணி நேரம் பேசினாலும் பேசட்டும். சுவரில் எழுதிய ஆண்டுகள் நாளையும் அங்கேயே இருக்கும்.

சின்னத் தவறுகளும் உண்டு. நகலை நகல் என்று சொல்லாமல் விடுவது அவற்றில் ஒன்று. மலாய் மொழியை அரபு எழுத்துகளில் எழுதும் ஜாவி முறையில் அமைந்த திரெங்கானு கல்வெட்டின் மூலக்கல் திரெங்கானுவில்தான் இருக்கிறது. பொருளுக்கு மிக அருகில் பேனாவால் சுட்டுவது இன்னொன்று. பார்வையாளர் கை வைத்தால் முகதாட்சண்யத்துக்காகப் பேசாமல் இருந்துவிடுவதும் உண்டு. வியர்வையின் உப்பு வெண்கலத்தை அரிக்கும் என்று காரணத்தோடு சொன்னால் யாரும் கோபிப்பதில்லை.

கட்டடத்தின் முகப்பையே பார்க்காமல் உள்ளே நுழைவதும் பலருக்கு வழக்கம். 1945இல் குண்டுவீச்சில் சிதைந்த பழைய அருங்காட்சியகத்தின் இடத்தில் எழுந்து, 1963 ஆகஸ்ட் 31 அன்று திறக்கப்பட்டது இது. வாசலின் இருபுறமும் ஓவியர் சியோங் லாய் டோங் வடிவமைத்த பெரிய சுவரோவியங்கள் இருக்கின்றன: ஒன்றில் நாட்டின் வரலாறு, மற்றொன்றில் கைவினைகள். நடையைக் காலையிலேயே இவற்றிலிருந்து தொடங்குங்கள். உச்சி வெயிலில் அங்கே யாரையும் ஐந்து நிமிடம்கூட நிறுத்திவைக்க முடியாது.