ஆட்சி மாறும் நேரத்தில் காசு விஷயத்தில் நாம் விடும் தவறுகள்

2022 ஜூலை 9, சனிக்கிழமை. கொழும்பு காலிமுகத்திடல் பக்கமாகச் சனம் அலை அலையாகப் போய்க்கொண்டிருந்தது. பொருளாதார நெருக்கடியால் கோபமடைந்த மக்கள் இலங்கை ஜனாதிபதி மாளிகைக்குள் நுழைந்துவிட்டார்கள் என்ற செய்தி வந்து கொஞ்ச நேரத்தில் வெள்ளவத்தையிலிருந்து பெரியம்மா அழைத்தார். "தம்பி, வங்கியளைப் பூட்டப்போறாங்களாம். என்ர வைப்பை உடைச்சு டொலரா மாத்திடட்டோ?"

வேண்டாம் என்று சொன்னேன். ஆனால் அந்த மாதம் முடிவதற்குள் வேறு யாரோ சொன்னதைக் கேட்டு 15 இலட்சம் ரூபாய் நிலையான வைப்பை உடைத்துவிட்டார். வங்கியில் டொலர் 360 ரூபாயை அண்டி இருந்தது. பெரியம்மா வெளியில் தெரிந்த ஒருவரிடம் 380 ரூபாய் கொடுத்து வாங்கினார். அடுத்த ஆண்டு ஜூனில் மருத்துவச் செலவுக்காக அதை விற்கவேண்டி வந்தபோது டொலர் 300 ரூபாயை அண்டி இறங்கியிருந்தது. மூன்று இலட்சத்துக்கு மேல் போய்விட்டது. பழைய வைப்பின் வட்டி குறைவு என்பதால் உடைத்தே ஆகவேண்டும் என்றாலும், அதே காசைப் புதிய வைப்பாகப் போட்டிருக்கலாம். அந்த மாதங்களில் வங்கிகள் 20 சதவீதத்துக்கு மேல் வட்டி கொடுத்தன.

பெரியம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அந்தக் கிழமை கொழும்பில் பயப்படாமல் இருந்தவர் யார்? ஆனால் அதன் பிறகு 2024 இல் இன்னொரு ஆட்சி மாற்றத்தையும் பார்த்தோம். அப்போதும் அதே பயங்கள், அதே அவசரம். யார் கதிரையில் உட்காருகிறார் என்பதை வைத்தே வீட்டுக் காசை எங்கே வைப்பது என்று முடிவு செய்கிறோம். நாட்டின் பொருளாதாரம் அப்படி ஆளோடு ஆளாக அன்றைக்கே மாறுவதில்லை. இது புரியாததால் நம்மவர்கள் இழந்த காசு கொஞ்சமல்ல என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

பணவீக்கம் குறைந்தால் விலை குறையும் என்று நினைப்பது

இதுதான் எல்லாவற்றிலும் பரவலான தவறு. வெள்ளவத்தைச் சந்தையில் மரக்கறி வாங்கும் அக்கா ஒருவர் கோபத்தோடு கேட்டார்: "பணவீக்கம் இறங்கிட்டுதாம் எண்டு ரேடியோவில சொல்றாங்கள். எனக்கு மட்டும் ஏன் பருப்பு அதே விலை?"

நியாயமான கோபம். ஆனால் ரேடியோ பொய் சொல்லவில்லை. பணவீக்கம் என்பது விலை அல்ல, விலை ஏறும் வேகம். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதம். உணவுப் பொருள்களுக்கு மட்டும் 94.9 சதவீதம். அதாவது அதற்கு முந்திய ஆண்டு செப்டெம்பரில் 100 ரூபாய்க்கு வாங்கிய சாமான்களுக்கு அப்போது ஏறக்குறைய 170 ரூபாய். 2023 செப்டெம்பரில் பணவீக்கம் 1.3 சதவீதம். அந்த 170 ரூபாய் 172 ஆனது, அவ்வளவுதான். பழைய 100 ரூபாய்க்குத் திரும்பவில்லை. 2024 செப்டெம்பரில், ஆட்சி மாறிய அதே மாதத்தில், சுட்டெண் 0.5 சதவீதம் கீழே போனது. அப்போதும் 171 ரூபாய்.

இந்தத் தவறால் ஏமாறுபவர்கள் பெரும்பாலும் சம்பளக்காரர்கள். "இப்போது பணவீக்கமே இல்லையே, எதற்குச் சம்பள உயர்வு?" என்று முதலாளி கேட்டால் பலர் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். கேட்கவேண்டியது இந்த ஆண்டின் ஏற்றத்துக்கு ஈடு அல்ல. 2022 இல் விழுந்த பள்ளம் நிரம்பியதா என்பதே கணக்கு. உங்கள் 2021 சம்பளத்தை 1.7 ஆல் பெருக்கிப் பாருங்கள். இன்றைய சம்பளம் அதைத் தொடவில்லை என்றால், நீங்கள் முன்பு வாங்கிய அளவுக்கு இன்று சாமான் வாங்க முடியாது. இதை அழைப்பிதழ் அச்சடிக்கும் கடையில் வேலை செய்யும் ஒரு தம்பிக்குச் சொல்லிக் கொடுத்தேன். கணக்கைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போய்க் கேட்டார். முழுவதும் கிடைக்கவில்லை, ஆனால் ஒரு பகுதி கிடைத்தது.

அன்றைக்குக் கதிரையில் இருப்பவரையே காரணமாக்குவது

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் வீட்டுக்கு வீடு சண்டை இதில்தான்.

2019 நவம்பரில் ஆட்சி மாறியது. சில வாரங்களிலேயே பெறுமதி சேர் வரி, அதாவது வற், 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. சம்பளத்தில் மாதா மாதம் பிடிக்கும் வரியும் நீங்கியது. எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும்தான். அதன் விலை அன்று தெரியவில்லை. 2021 ஆகும்போது அரசின் வரி வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 8 சதவீதத்துக்கும் கீழே போயிருந்தது. இதற்கிடையில் கொரோனா வந்து உல்லாசப் பயணிகள் வருவது நின்றுபோனது. கடனைத் திருப்பிக் கட்டும் வல்லமையை மதிப்பிடும் தரப்படுத்தும் நிறுவனங்கள் நாட்டின் மதிப்பைக் குறைத்ததும் வெளிநாட்டுச் சந்தையில் புதுக் கடன் வாங்க வழியில்லை. பழைய கடனை நாட்டின் டொலர் கையிருப்பிலிருந்து கட்டிக்கொண்டே வந்தோம். 2022 ஜனவரியில்கூட 50 கோடி டொலர் முறி ஒன்று, அதாவது அரசு பத்திரம் விற்று வாங்கிய கடன், கட்டப்பட்டது. ஏப்ரல் 12 இல் இனி வெளிநாட்டுக் கடன்களைக் கட்ட முடியாது என்று அறிவிக்கப்பட்டது.

இப்போது பாருங்கள். வரியைக் குறைத்தது 2019 டிசம்பரில். அது வீட்டு வாசலுக்கு வந்தது இரண்டு ஆண்டுக்கு மேல் கழித்து. பெற்றோல் வரிசையும் காஸ் வரிசையும் மிக நீண்டு கிடந்தது 2022 மே தொடக்கம் ஜூலை வரை. அதற்குள் பிரதமர் மாறிவிட்டார். பணவீக்கம் உச்சிக்குப் போனதோ செப்டெம்பரில், ஜனாதிபதியும் மாறி இரண்டு மாதம் கழித்து. அந்த மாதத்தை மட்டும் வைத்துக் கணக்குப் பார்த்தால் தவறான ஆளைக் குற்றவாளியாக்குவோம்.

நல்லதுக்கும் இதே கதைதான். புதிதாகப் பொறுப்பேற்ற மத்திய வங்கி ஆளுநர் நந்தலால் வீரசிங்க 2022 ஏப்ரல் 8 ஆம் திகதி கொள்கை வட்டியை, அதாவது மற்ற வங்கிகளின் வட்டிக்கு அடிப்படையான வட்டியை, ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தினார். அன்று வியாபாரிகள் எல்லோரும் திட்டினார்கள். பலன் தெரிந்தது 2023 இல். அப்போது அந்த முடிவை எடுத்த காலத்து ஜனாதிபதி பதவியில் இல்லை.

இன்னொன்று. 2024 செப்டெம்பர் 23 இல் அநுர குமார திசாநாயக்க ஜனாதிபதியாகப் பதவியேற்றார். ஒரு கிழமை கழித்து, 30 ஆம் திகதி இரவு, 92 ஒக்டேன் பெற்றோல் 21 ரூபாய் குறைந்து 311 ரூபாய் ஆனது. "வந்தவுடனேயே குறைச்சிட்டார்" என்று ஒரு பக்கமும், "நாடகம்" என்று மறுபக்கமும் கதைத்தார்கள். இரண்டுமே சரியில்லை. எரிபொருள் விலை மாதக் கடைசியில் ஒரு சூத்திரத்தின்படி திருத்தப்படுகிறது. அந்த மாதம் உலகச் சந்தையில் எண்ணெய் விலை இறங்கியிருந்தது. வேறு யார் வென்றிருந்தாலும் குறைக்க இடம் இருந்திருக்கும்.

அதற்காகத் தலைவர் யார் என்பது முக்கியமே இல்லை என்று நான் சொல்லவில்லை. மிக முக்கியம். ஆனால் அவர் இன்று எடுக்கும் முடிவு உங்கள் கறிச்சட்டிக்கு வந்து சேர ஒன்று, இரண்டு ஆண்டுகள் எடுக்கும். அதனால் பதவியேற்பு உரையை விட, அவருடைய முதல் வரி மாற்றத்தைக் கவனியுங்கள். வரியைக் குறைத்தால் அந்தக் காசு வேறு எங்கிருந்து வரும் என்று கேளுங்கள். 2019 இல் நாம் கேட்கத் தவறிய கேள்வி அது.

டொலர் விலை அசையவில்லை என்றால் எல்லாம் சரி என்று நம்புவது

2021 செப்டெம்பர் தொடக்கம் 2022 மார்ச் முதல் கிழமை வரை வங்கியில் டொலர் 200 ரூபாய்க்கும் 203 ரூபாய்க்கும் இடையில் ஆணி அடித்தது போல நின்றது. பார்க்க அமைதி. உள்ளே வீடு எரிந்துகொண்டிருந்தது. வெளியில் 240 ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்க ஆள் இருந்ததால், மத்திய கிழக்கில் வேலை செய்யும் பிள்ளைகள் உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே ஆள் மூலமாக, காசு அனுப்பத் தொடங்கினார்கள். 2020 இல் வங்கி வழியாக வந்த வெளிநாட்டுப் பணம் 710 கோடி டொலர். 2021 இல் 550 கோடி. 2022 இல் 380 கோடி. புறக்கோட்டை இறக்குமதிக்காரர்களுக்கு எல்.சி., அதாவது சாமானுக்குக் காசு தருவதாக வங்கி கொடுக்கும் உத்தரவாதக் கடிதம், திறக்க டொலர் கிடைக்கவில்லை. சாமான் துறைமுகத்துக்கு வந்தும் எடுக்க முடியாமல் கொள்கலன்கள் நின்றன.

கையிருப்புக் கணக்கிலும் தலைப்பை மட்டும் வாசித்தால் ஏமாறுவோம். 2022 ஏப்ரல் இறுதியில் நாட்டின் கையிருப்பு ஏறக்குறைய 180 கோடி டொலர் என்று சொல்லப்பட்டது. அதில் 150 கோடியளவு சீன மத்திய வங்கியுடனான நாணயப் பரிமாற்ற ஏற்பாடு, நினைத்தபடி செலவழிக்க முடியாதது. மே ஆரம்பத்தில் நிதி அமைச்சராக இருந்த அலி சப்ரி, கையில் எடுத்துச் செலவழிக்கக்கூடியது 5 கோடி டொலரும் இல்லை என்று பாராளுமன்றத்தில் சொன்னார். இரண்டு கோடிக்கு மேல் சனம் வாழும் நாடு, கையில் அவ்வளவுதான்.

2024 இறுதியில் கையிருப்பு 600 கோடியைத் தாண்டியிருந்தது. டொலர் விலை கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். அப்படி அசைவது இயல்பானது. நீண்ட நாள் அசையாமல் நின்று, வெளி விலைக்கும் வங்கி விலைக்கும் இடைவெளி விரியத் தொடங்கினால்தான் பயப்படவேண்டும்.

புதியவர் வந்தால் பழைய ஒப்பந்தமெல்லாம் கிழியும் என்று எண்ணுவது

2024 தேர்தலுக்கு முன் ஐந்தாம் குறுக்குத் தெருவில் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு அண்ணா இரண்டு மாதம் புதுச் சரக்குக்குச் சொல்லாமல் இருந்தார். "சர்வதேச நாணய நிதியத்தோட முறிச்சுக்கொண்டால் டொலர் 500 போகும்" என்பது அவர் பயம். முறியவில்லை. தீபாவளிக்கு அவரிடம் சரக்கில்லை.

நாணய நிதியத்துடனான உடன்பாடு 2023 மார்ச் 20 இல் அங்கீகரிக்கப்பட்டது. ஏறக்குறைய 300 கோடி டொலர், நான்கு ஆண்டுக் காலம். அது ஒரு ஜனாதிபதியின் சொந்தக் கடன் அல்ல, நாட்டின் கடன். கட்டாமல் நின்ற முறிகளை வைத்திருந்தவர்களுடன் கடனை மறுசீரமைப்பதற்கான கொள்கையளவு இணக்கம் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்புதான், செப்டெம்பர் 19 இல், அறிவிக்கப்பட்டது. புதிய அரசு அதை ஏற்றுக்கொண்டது. டிசம்பரில் பழைய முறிகளுக்குப் பதிலாகப் புதியவை கொடுக்கும் பரிமாற்றம் முடிந்தது. 2025 பெப்ரவரி 28 இல் நாணய நிதியம் மூன்றாவது மீளாய்வுக்கு ஒப்புதல் கொடுத்தது.

அப்படித் தொடரும் என்று முன்கூட்டியே ஊகிக்க அடையாளங்கள் இருந்தன. ஆட்சி மாறியபோது மத்திய வங்கி ஆளுநரும் திறைசேரிச் செயலாளரும் மாற்றப்படவில்லை. மேடைப் பேச்சைவிட இந்த இரண்டு கதிரைகளையும் பாருங்கள். 2023 இல் வந்த மத்திய வங்கிச் சட்டமும் இருக்கிறது. அரசுக்கு நேரடியாகக் காசு அச்சடித்துக் கொடுப்பதை அது தடுக்கிறது. "புது ஆட்சி காசு அச்சடிச்சுத் தள்ளும்" என்று யாரும் சொன்னால் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

பங்குச் சந்தையிலும் தேர்தலுக்கு முன் பயந்து விற்றவர்கள் உண்டு. 2024 இறுதியில் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் ஏறி 15,900 ஐத் தாண்டி நின்றது.

குரல் பதிவைக் கேட்டு வங்கிக்கு ஓடுவது

2023 ஜூன் இறுதியில் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்புக்காக ஜூன் 30 சிறப்பு வங்கி விடுமுறை ஆக்கப்பட்டது. ஹஜ் பெருநாள், வார இறுதி, போயா எல்லாம் சேர்ந்து ஐந்து நாள் வங்கி பூட்டு. வைப்பில் பாதியை வெட்டப்போகிறார்கள் என்று குரல் பதிவுகள் கைபேசிக்குக் கைபேசி பறந்தன. வங்கி வைப்புகளில் ஒரு சதம்கூடக் கை வைக்கப்படவில்லை. ஊழியர் சேமலாப நிதி பாதிக்கப்பட்டது உண்மை, அதைப் பற்றிக் கோபப்படவும் காரணம் உண்டு. ஆனால் குரல் பதிவு பயமுறுத்தியது வேறு ஒன்றைச் சொல்லி.

பயம் தீரவேண்டும் என்றால் ஒரு எளிய வழி: வைப்புக் காப்புறுதி. ஒரு வங்கி வீழ்ந்தால், ஒரு வைப்பாளருக்கு 11 இலட்சம் ரூபாய் வரை திரும்பக் கிடைக்கும் என்று 2021 இல் உயர்த்தப்பட்டது. அதற்கு மேல் காசு இருந்தால் வெவ்வேறு வங்கிகளில் பிரித்து வையுங்கள். அதை அமைதியான மாதத்தில் செய்யுங்கள், ஊரே ஓடும் நாளில் வேண்டாம்.

கடன் பத்திரத்தை வாசிக்காமல் இருப்பது

மேலே சொன்னவை சேமிப்பு உள்ளவர்களுக்கு. கடன் உள்ளவர்களின் பாடு இதைவிடக் கஷ்டம். 2021 இன் முதல் பாதியில் மத்திய வங்கியின் கடன் வழங்கும் வட்டி 5.5 சதவீதம். 2023 மார்ச்சில் 16.5. மிதக்கும் வட்டிக்கு, அதாவது சந்தையோடு ஏறி இறங்கும் வட்டிக்கு, கடன் எடுத்தவர்களின் மாதக் கட்டுப்பணம் இதோடு சேர்ந்து ஏறியது. கொட்டாஞ்சேனையில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் வீட்டுக் கடனைக் கட்ட முடியாமல் செட்டியார் தெருவில் நகையை விற்றது. கடன் எடுத்த நாளில் வட்டி மாறும் என்ற வரி பத்திரத்தில் இருந்தது. யாரும் அவர்களுக்கு வாசித்துச் சொல்லவில்லை. வட்டி குறைவாக இருக்கும் காலத்தில் கடன் எடுத்தால் நிலையான வட்டியைக் கேளுங்கள். கொஞ்சம் கூடுதலாகக் கேட்பார்கள். கொடுங்கள்.

2024 செப்டெம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை. வாக்கு எண்ணிக்கை இன்னும் முடியவில்லை. பெரியம்மா அழைத்தார். வைப்பு முதிர இரண்டு மாதம் இருந்தது. இந்த முறை வைப்பை உடைப்பதா என்று கேட்கவில்லை. "கையிருப்பு எவ்வளவு எண்டு எப்ப சொல்லுவாங்கள்?" என்று கேட்டார். மாதத்தின் முதல் கிழமையில் மத்திய வங்கி வெளியிடும் என்றேன். சரி, அப்ப பாப்பம் என்று வைத்துவிட்டார்.