காரின் முடுக்கமும் இடப்பெயர்ச்சியும்: கானாடுகாத்தானில் ஒரு கணக்கு

செட்டிநாட்டில் பெரிய வீடுகளுக்கு முகப்பு ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். முகப்பில் நிற்கும் காரைத் தெரு சுற்றி ஓட்டிப்போய்ப் பின்வாசலில் நிறுத்துகிறோம். 200 மீட்டர் ஓடியது என்று வைத்துக்கொள்வோம். அது தொலைவு. ஆனால் முகப்பிலிருந்து வளவு (வீட்டின் உள்முற்றப் பகுதி) வழியாகப் பின்வாசலுக்கு நேர்கோடு போட்டால் 60 மீட்டர்தான். திசையோடு சொல்லும் அந்த 60 மீட்டர்தான் இடப்பெயர்ச்சி. இது மனதில் பதிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சரி, இப்போது நேர்சாலைக்கு வருவோம். கானாடுகாத்தானில் நின்றிருந்த கார் காரைக்குடிப் பக்கம் கிளம்பி, சீராக வேகம் கூடி, 10 விநாடியில் மணிக்கு 54 கிலோமீட்டரை எட்டுகிறது. (பாடத்தில் இதைத் திசைவேகம் என்பார்கள். கார் ஒரே திசையில் போவதால் இங்கே வேகம் என்றே எழுதுகிறேன்.)

முதல் வேலை, அலகை மாற்றுவது. 1 கிலோமீட்டர் 1000 மீட்டர், 1 மணி 3600 விநாடி. ஆக 5/18 ஆல் பெருக்கினால் போதும்: 54 × 5/18 = 15 மீ/வி. இதை விட்டுவிட்டு நேராகச் சூத்திரத்துக்குள் போனால் பின்னால் வரும் எல்லா விடையும் தப்பாகும்.

அடுத்து முடுக்கம். வேகம் எவ்வளவு மாறியதோ அதை நேரத்தால் வகுங்கள்: (15 − 0) ÷ 10 = 1.5 மீ/வி². ஒவ்வொரு விநாடிக்கும் வேகம் 1.5 மீ/வி கூடுகிறது என்று பொருள்.

அப்புறம் இடப்பெயர்ச்சி. 15 × 10 = 150 என்று போடத்தான் கை போகும். ஆனால் கார் 15-ஐத் தொட்டதே கடைசி நொடியில்தானே! வேகம் சீராகக் கூடுவதால் சராசரி வேகம் (0 + 15) ÷ 2 = 7.5 மீ/வி. அதனால் 7.5 × 10 = 75 மீட்டர், காரைக்குடித் திசையில். சூத்திரத்திலும் பார்த்துவிடுவோம்:

தொடக்க வேகம் × நேரம் + ½ × முடுக்கம் × நேரம்²
= 0 + ½ × 1.5 × 100 = 75 மீட்டர்

இரண்டு வழியிலும் ஒரே விடை வருவது எனக்கு இன்றும் சந்தோஷம்தான். முடுக்கம் மாறாமல் இருந்தால் மட்டுமே இந்த இரண்டு வழியும் செல்லும்.

இனி பிரேக். ஆடுகள் குறுக்கே வர, அதே கார் சீராக வேகம் குறைந்து 6 விநாடியில் நிற்கிறது. முடுக்கம் (0 − 15) ÷ 6 = −2.5 மீ/வி². முடுக்கம் கார் போகும் திசைக்கு எதிராக இருக்கிறது என்பதைத்தான் அந்தக் கழித்தல் குறி காட்டுகிறது. நிற்பதற்குள் கடந்தது 7.5 × 6 = 45 மீட்டர்.

கார் மணிக்கு 72 கிலோமீட்டரில், அதாவது 20 மீ/வி வேகத்தில் வந்திருந்தால்? அதே பிரேக்குக்கு 20 ÷ 2.5 = 8 விநாடி பிடிக்கும். சராசரி 10 மீ/வி. நிற்க 80 மீட்டர் வேண்டும். வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியது. ஆனால் சராசரி வேகம், நேரம் இரண்டும் சேர்ந்து கூடியதால் 35 மீட்டர் அதிகமாகிவிட்டது.