வெடிச்சத்தம் ஒன்றா, மூன்றா? பொலிஸ் துப்பாக்கிச் சூட்டுக்குப் பின் தோட்டத்தில் நாம் விடும் தவறுகள்

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் வெடிச்சத்தம் ஒருமுறை கேட்டு அடங்காது. எதிர்மலை அதைத் திருப்பிச் சொல்லும். மேல் லயத்தார், அதாவது மேட்டுத் தொழிலாளர் குடியிருப்பு வரிசையில் இருப்பவர்கள், மூன்று சூடு என்பார்கள், தேயிலை ஸ்டோர்ப் பக்கம் நின்றவர்கள் ஒன்று என்பார்கள். இரு தரப்பிலும் பொய் இல்லை. மறுநாள் காலை வேலைக்குப் பேர் பதியும் பிரட்டுக் களத்துக்கு வருவதற்குள் அது "சரமாரியாகச் சுட்டார்கள்" என்றாகிவிடும். பத்துப் பேர் பத்து எண்ணிக்கையை அடித்துச் சொன்னால், குறுக்கு விசாரணையில் முதலில் உடைவது அதுதான். எங்கே நின்றீர்கள், என்ன கேட்டது, அவ்வளவு போதும்.

காயத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது அடுத்த தவறு. குண்டு நுழைந்த துளை பெரும்பாலும் சிறியது. வெளியேறிய இடம் பிய்ந்து பெரிதாக இருக்கும். நெஞ்சில் பெரிய காயத்தைக் கண்டவர் "நேருக்கு நேர் சுட்டுட்டாங்க" என்பார். முதுகில் பட்டு நெஞ்சு வழியாக வந்திருக்கலாம். துப்பாக்கி வாய் உடலோடு ஒட்டியிருந்தால் இந்தக் கணக்கும் மாறும். அதைச் சொல்ல வேண்டியவர் உடலைப் பரிசோதிக்கும் சட்ட வைத்திய அதிகாரி.

நாம் செய்ய வேண்டியது உடுப்பைக் காப்பது. ஆஸ்பத்திரியில் கொடுத்த இரத்தச் சட்டையைப் பீலித் தண்ணீரில் அலசிவிடுகிறோம். எவ்வளவு தூரத்தில் நின்று சுட்டார்கள் என்று சொல்லக்கூடிய வெடிமருந்துப் புகைப் படிவும் தண்ணீரோடு போய்விடும். துவைக்காமல் காகிதத்தில் சுற்றி வைத்து, நீதவான் மரண விசாரணைக்கு வரும்போது அவரிடமே சொல்லுங்கள். உடலைத் தகனம் செய்யாமல் அடக்கம் செய்வதும் நல்லது. சந்தேகம் வந்தால் தோண்டியெடுத்து மீண்டும் பரிசோதிக்க வழியிருக்கும்.

பழைய வடு இன்னொரு சிக்கல். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன், 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் சிவனு லட்சுமணன்: இரண்டு பேரும் பொலிஸ் சூட்டில் இறந்தவர்கள். இந்தப் பெயர்களை அறிந்த நமக்கு அடுத்த சூட்டின் கதை கேட்காமலே தெரிந்ததுபோல இருக்கும். விசாரணை கேட்க அந்த வரலாறு போதிய காரணம்தான். ஆனால் நேற்று என்ன நடந்தது என்பதற்கு அது சாட்சி ஆகாது.

பொலிஸ் தரப்பின் முதல் அறிக்கையும் அப்படித்தான். 2022 ஏப்ரல் 19ஆம் திகதி ரம்புக்கனையில் எரிபொருள் கேட்டுப் போராடியவர்கள் மீது சுட்டபோது, எரிபொருள் பவுசர் வண்டிக்குத் தீ வைக்க முயன்றதாக உடனே விளக்கம் வந்தது. சில நாட்களில் நீதிமன்ற உத்தரவின்படி ஒரு சிரேஷ்ட பொலிஸ் அத்தியட்சகர் கைதானார். கைதும் தீர்ப்பல்ல என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

"தீர விசாரிப்பதே மெய்" என்று சொல்லி ஊரையே வாய்மூட வைப்பவர்களும் உண்டு. என்னைக் கேட்டால் இதுதான் பெரிய தவறு. பொறுக்க வேண்டியது தீர்ப்புக்கு. கண்டதைச் சொல்வதற்கு அல்ல. அடிப்படை உரிமை மீறல் மனுவை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்துவிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் உள்ள காலம் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் அவசர இலக்கம் 1996. முப்பத்தோராம் நாள் காரியம் முடியட்டும் என்று காத்திருந்தால் அந்தக் கெடு கைநழுவிவிடும்.

பொலிஸில் வாக்குமூலம் கொடுக்கப் போனால் பெரும்பாலும் சிங்களத்தில் எழுதி நீட்டுவார்கள். தோட்டத்துப் பெண்கள் விளங்காமலே கையெழுத்து வைத்துவிட்டு வருவதைக் கண்டிருக்கிறேன். தமிழில் எழுதச் சொல்லலாம். அது உங்கள் உரிமை. எழுதியதை வாசித்துக் காட்டி, விளங்கிய பிறகுதான் கையெழுத்து. "தமிழ் தெரிஞ்ச ஆள் இன்னைக்கு இல்ல, நாளைக்கு வாங்க" என்பார்கள்.

நாளைக்குப் போங்கள். தோட்டத்துச் சங்கத் தலைவரையும் கூட்டிக்கொண்டு.